வெள்ளிக்கிழமை ரேணுகா

காணாமல் போனவரைக் கண்டுபிடிக்கச் சொல்லி, ஒரு போட்டோகூட இல்லாமல் வந்து உட்கார்ந்த முதல் ஆள் பொன்னிதான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ரூத்தின் துப்பறியும் அலுவலகம். பெயர்ப் பலகையில் பாதி எழுத்தை வெயில் தின்றுவிட்டது. மீதியை நம்பி ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் பான் கார்டு எடுக்க வந்தவர்கள். ரூத் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக யார் யார் பொய் சொல்கிறார்கள் என்று விசாரித்தவள். அந்த வேலை போனதும் அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டாள். வீட்டில் தனி ஆள். இன்றைக்குப் பிறந்த நாள், ஐம்பத்தொன்று பிறக்கிறது. காலை ஏழு மணிக்கு வங்கி வாழ்த்தியிருந்தது. எட்டு மணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அதற்கப்புறம் போன் சும்மா கிடந்தது.

"பேரு ஜானகிராமன். என் பெரியப்பா. எழுபத்து மூணு வயசு. கேளம்பாக்கத்துல ஃப்ளாட்ல தனியா இருக்காரு" என்றாள் பொன்னி. இருபத்தாறு வயது இருக்கும். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஒன்பது நாளா போன எடுக்கல மேடம்."

"ஆள் எப்படி இருப்பார்? உயரமா, குள்ளமா?"

"ஒரு நிமிஷம் இருங்க, பாத்து சொல்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "சாதாரண ஒசரம்தான்."

"கண்ணாடி போடுவாரா?"

"போடுவாருன்னு நெனைக்கறேன்."

ஜன்னலோரம் வடையைப் பிட்டுக்கொண்டிருந்த கலைவாணன் திரும்பிப் பார்த்தான். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன், இப்போது ரூத்தின் உதவியாளன். அந்த ஆட்டோதான் இன்றைக்கும் அலுவலக வாகனம். "இன்னாம்மா இது? ரேஷன் கார்டு போட்டோலகூட மூக்கு தெரியும். நீ சொல்றதுல ஒண்ணுமே தெரியல."

"பேசினா கண்டுபுடிச்சுடலாம்" என்றாள் பொன்னி அவசரமாக. "எதச் சொன்னாலும் கடைசியில 'சரிதானே'ம்பாரு. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்கும். டீ உறிஞ்சற சத்தம் கேக்கும். சக்கர கெடையாது, சுகரு. இன்சுலின் போட்டுக்கறாரு."

ரூத் பேனாவைக் கீழே வைத்தாள். "கடைசியா என்ன பேசினார்?"

பொன்னியின் குரல் இறங்கியது. "'நான் போயிட்டா என் நைட்டெல்லாம் இன்னா ஆவும்மா'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் போனே எடுக்கல. எனக்கு பயமா இருக்கு மேடம். ஏதாவது பண்ணிக்கிட்டாரோன்னு."

"நைட்டுன்னா?"

"உல்லாசக் கப்பல்ல போவாரு. ஒரு ராத்திரி தங்கினா ஒரு பாயிண்ட். இருவது சேந்தா சில்வர் கார்டு, நாப்பதுக்கு கோல்டு, அறுவதுக்கு டைமண்ட். டைமண்டுக்கு முன்னாடியே ஏறலாம், துணி தொவச்சுக் குடுப்பாங்க, கேப்டனோட ஒரு வேளை சாப்பாடு." மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "இப்ப சீசன் இல்ல. எந்தக் கப்பல்லயும் அவரு பேரு இல்ல."

"ஜனங்க பஸ்ல எடமில்லாம தொங்கிகினு போவுது. இங்க ராத்திரி தூங்கறதுக்குப் பாயிண்ட் குடுக்கறானுங்களா?" என்றான் கலைவாணன்.

ரூத் எழுந்து பையை எடுத்தாள். பெரியப்பாவின் முகம் தெரியாது, கப்பலின் பயணிகள் பட்டியல் தெரியும். விசித்திரமான தம்பி மகள்தான். ஆனால் பயம் நிஜம். அதில் ரூத்துக்குச் சந்தேகமே இல்லை.

கேளம்பாக்கத்தில் அந்தக் குடியிருப்பின் வாசலில் ஆட்டோ நின்றதும் "எந்தக் கட்டடம்?" என்று கேட்டாள் ரூத். பொன்னி மூன்று கட்டடங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ரூத் வற்புறுத்தாமல் செயலாளரைத் தேடிப் போனாள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஜெகதாம்பாள். குரலிலேயே தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடக்கூடிய அம்மாள். ஜானகிராமன் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருந்தது. செடிக்குத் தண்ணீர் விடக் கொடுத்து வைத்ததாம். மாற்றுச் சாவி என்றதும் ரூத்தின் கை தன் பைக்குள் போனது. அவளிடமும் வீட்டுக்கு இரண்டு சாவி உண்டு. இரண்டும் ஒரே வளையத்தில்தான் கிடந்தன. கொடுத்து வைக்க ஆள் வேண்டுமே.

"இதுக்குப் போயி டிடெக்டிவா?" என்றார் ஜெகதாம்பாள் கதவைத் திறந்துகொண்டே. "அவரு ரேணுகாவோட கப்பல்ல போயிருப்பாரு."

"யார் அந்த ரேணுகா?"

"யாருக்குத் தெரியும்? பொண்டாட்டி போயி எட்டு வருஷம் ஆவுது, புள்ள குட்டி கெடையாது. இப்பல்லாம் வாயத் தொறந்தா ரேணுகாதான். ரேணுகா குடை எடுத்துகினு போவச் சொன்னா, ரேணுகா முட்டிக்குத் தைலம் தடவச் சொன்னா. நாங்க ஒரு நாளும் பாத்ததில்ல. மனுஷன் சரியான மண்டிக்காரரு. மதுராந்தகத்துல நெல்லு மண்டி வெச்சிருந்தவரு. மூட்டையோட வாயப் பாத்து வாங்க மாட்டாராம். கம்பிய வயித்துல குத்தி உள்ளருந்து நெல்ல எடுத்துப் பாப்பாராம். மேல நல்ல நெல்லு, உள்ள பதருன்னு ஏமாத்துவாங்களாம். இங்க வர்ற காய்கறிக்காரன அதே மாதிரிதான் பாடாப் படுத்துவாரு."

பொன்னி தலையைக் குனிந்துகொண்டு செருப்பைக் கழற்றினாள். கழற்றி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

உள்ளே எல்லாம் துடைத்து வைத்தது போல் இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலியைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கியிருந்தார். ரூத்தின் வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி உண்டு. அவள் அதைப் பார்க்காமல் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"இன்சுலின் இல்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்" என்றாள்.

"சூட்கேஸ் கீதே" என்றான் கலைவாணன், கட்டிலுக்கடியில் இருந்து. "டைமண்ட்னு தகடு தொங்குது. கஷ்டப்பட்டு வாங்கின தகட்ட வுட்டுட்டு எவனாவது கப்பலேறுவானா? கல்யாணத்துக்குப் போற பொம்பள நகைய வூட்ல வுட்டுட்டுப் போற மாதிரி."

மேஜைமேல் போன் இருந்தது. சார்ஜரில் செருகியபடி, சத்தம் முழுசாக வைத்து. பக்கத்தில் நீளமான ஒரு மண்டி நோட்டு. ரூத் அந்தப் போனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மறந்துவிட்டுப் போனவர் சார்ஜில் போட மாட்டார்" என்றாள் மெதுவாக. "இது அடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றுதான் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்."

தவறிய அழைப்புகள் பதினான்கு. மூன்று, 'ரேணுகா' என்று பதிந்த எண்ணிலிருந்து. மீதி பதினொன்றும் பெயர் பதியாத ஒரே எண்ணிலிருந்து, ஒரு நாள்கூட விடாமல். ரூத் அந்த எண்ணைத் தட்டினாள்.

பொன்னியின் பைக்குள் மணி அடித்தது.

"பெரியப்பாவோட போன்ல பொண்ணு நம்பர் ஏன்மா பதியல?" என்றான் கலைவாணன். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

பொன்னி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரூத் எதிரே தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். "நீங்க அவரைப் பார்த்ததே இல்லை. காதால் மட்டும்தான் தெரியும். ஊரெல்லாம் ரேணுகாவோடு கப்பலில் போனார் என்கிறது. அலைமகள் கப்பல் கம்பெனியில் அவர் தங்கியது முப்பத்தோரு ராத்திரி என்று இதில் எழுதியிருக்கிறார். கொடுத்த பாயிண்ட் அறுபத்திரண்டு. ஏன் இரட்டிப்பு?"

"கேபின்ல தனி ஆளா தங்கினா ரெட்டைப் பாயிண்ட்" என்றாள் பொன்னி தரையைப் பார்த்தபடி.

"தனியா இருந்தா ரெட்டைப் பாயிண்டா? அப்ப நீ இந்நேரம் டைமண்டு அக்கா" என்றான் கலைவாணன் ரூத்திடம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ரூத்துக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"அலைமகளில் போன ஏழு தடவையும் அவர் தனியாகத்தான் போயிருக்கிறார். ரேணுகா கப்பலில் ஏறவே இல்லை. கப்பலில் யார் பேர் இருக்கிறது என்பதுகூட உங்களுக்குத் தெரிகிறது. ரேணுகா நீங்கதானே?"

"ரேணுகாங்கறது அலைமகள் கஸ்டமர் கேர் டெஸ்க்கோட பேரு மேடம்." அடக்கி வைத்திருந்தது உடைந்தது. பேச்சும் மாறியது. "யாரு அந்த சீட்ல உக்காந்தாலும் ரேணுகாதான். நெஜப் பேரச் சொல்லக் கூடாது. டைமண்ட் மெம்பருக்கு வாராவாரம் வெள்ளிக்கிழம ஒரு போன், அது ஒரு சலுகை. நாலு நிமிஷம்தான் பேசணும். நான் இருவது நிமிஷம் பேசிகினு இருப்பேன், திட்டு வாங்குவேன். பொத்தேரியில ரூம் எடுத்து நானும் தனியாத்தான் கீறேன். வாரம் பூரா நூத்தி இருவது பேருகிட்ட பேசறேன், 'சாப்டியாம்மா'ன்னு கேட்டது அவரு ஒருத்தருதான். போலீசுக்குப் போனேன். 'நீ யாரும்மா அவருக்கு'ன்னு கேட்டாங்க. நான் இன்னா சொல்லட்டும்? நீங்களும் அதையே கேப்பீங்கன்னுதான் பெரியப்பான்னுட்டேன்."

வாசலில் நின்ற ஜெகதாம்பாள் உள்ளே வந்து பொன்னியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரூத் பக்கங்களைப் புரட்டினாள். நுணுக்கி நுணுக்கி எழுதிய கட்டங்கள். தலைப்பில் மூன்று கம்பெனிகள்: நீலத்திரை, கொண்டல், அலைமகள். எந்தக் கார்டு சிறந்தது என்று மனிதர் ஆறு வருஷமாக நிறுத்துப் பார்த்திருக்கிறார். துணி துவைக்க நீலத்திரை ஒரு பை, கொண்டல் இரண்டு பை. ஆனால் கொண்டலில் ஒரு பனியனைக் காணோம். கேப்டனோடு சாப்பாடு: நீலத்திரையில் கேப்டன் வரவில்லை, அவருடைய தம்பி மாதிரி ஒருவர் வந்தார். பிறந்த நாள்: கொண்டலில் கேக் வந்தது, எட்டுப் பேர் சுற்றி நின்று பாடினார்கள், என் பெயரைத் தப்பாகப் பாடினார்கள்.

கலைவாணன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துச் சிரித்தான். ரூத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வரிசைக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

அந்த வரிசையின் தலைப்பு: 'நான் இல்லாட்டி.'

கொஞ்சம் சத்தமாகவே படித்தாள். "நீலத்திரை: போனை வீட்டில் வைத்துவிட்டுப் பதினைந்து நாள். ஒரு மெசேஜ். 'உங்களை நினைத்து ஏங்குகிறோம், இருபது சதவீதம் தள்ளுபடி.' கொண்டல்: பதினைந்து நாள். ஒன்றும் வரவில்லை."

"அலைமகள்?" என்றாள் பொன்னி.

"காலி."

ரூத் நோட்டை மூடினாள். அவளுக்குக் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன. "அவர் சாகப் போகவில்லை, பொன்னி. மூட்டையில் கம்பியைக் குத்திவிட்டுக் காத்திருக்கிறார். தான் இல்லாமல் போனால் எந்தக் கம்பெனி தேடுகிறது என்று பார்க்கிறார். இரண்டு மூட்டையிலும் பதர்தான் வந்தது. இது மூன்றாவது."

"அப்ப எங்க கீறாரு?" என்றான் கலைவாணன்.

"சீசன் இல்லாதபோது டைமண்ட் கார்டுக்குக் கரையில் ஏதாவது உண்டா?"

பொன்னி சடாரென்று நிமிர்ந்தாள். "மாமல்லபுரத்துல ஓட்டல். வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் ரூம். அது ஓட்டல்காரங்க தனியா பதிவாங்க, எங்க டெஸ்குக்கு வராது. ஐயோ, எனக்கு ஏன் தோணல?"

"கப்பல்லயே தேடிகினு இருந்த, அதான்" என்றான் கலைவாணன் சாவியைச் சுழற்றியபடி. "வா, கரையில தேடலாம்."

கோவளத்தைத் தாண்டியதும் இடது பக்கம் கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது. ரூத்துக்கு ஜானகிராமன் ஞாபகமாகவே இருந்தது. ஒரு மனிதன் ஊருக்கு முக்கால் மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் வீட்டில் போன் அடிக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்கக்கூட அவன் அங்கே இல்லை. திரும்பிப் போய் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஓட்டலின் பின்புறத்தில் கடலைப் பார்த்தபடி பிரம்பு நாற்காலிகள். நான்கு கிழவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நால்வரும் வெள்ளைச் சட்டை, நால்வரும் முதுகுதான் தெரிந்தது.

"நாலு பேரு கீறாங்களே. போட்டோ இருந்திருந்தா..." என்றான் கலைவாணன்.

"இவளுக்கு வேண்டாம்" என்றாள் ரூத். "கேளுங்க, பொன்னி."

பொன்னி கண்ணை மூடிக்கொண்டாள். அலைச் சத்தம், காக்காய், எங்கேயோ கல் அறுக்கும் மெஷின். அப்போது சப்ளையர் ஒரு நாற்காலியருகே குனிந்தான்.

"சக்கர வேணாம்பா. நேத்தும்... போட்டுக் குடுத்துட்ட. சரிதானே?"

பொன்னி கண்ணைத் திறந்தாள். நேராக நடந்து போய் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. "வணக்கம் ஐயா. அலைமகள்லருந்து ரேணுகா பேசறேன்."

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் திரும்பவில்லை.

"இன்னிக்கு... வெள்ளிக்கிழம இல்லியேம்மா."

அவ்வளவுதான். பொன்னி அவர் முன்னால் போய் நின்று கத்தத் தொடங்கினாள். "இன்னா மனுஷன் சார் நீங்க? ஒன்பது நாளு! எனக்கு சோறு எறங்கல. போலீஸ் ஸ்டேஷன்ல யாரோ மாதிரி தொரத்திவுட்டாங்க. இருக்கீங்களா செத்துட்டீங்களான்னு ஒவ்வொரு நாளும் போனப் போட்டுப் போட்டு... உங்களுக்கு இது பரீட்சையா?"

மற்ற மூன்று கிழவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி போடுகிறவர்தான்.

"இன்னும் ஆறு நாளு... கீதேன்னு நெனச்சேன்" என்றார் தப்பு செய்த குரலில். "தப்புதாம்மா. நீ மூணாவது ரேணுகா. மொதல் ரெண்டு பேரும்... நான் முடிக்கறதுக்குள்ள போன வெச்சுடுவாங்க. நீ வெக்க மாட்ட. கம்பெனி சொல்லி பேசறியா... நீயா பேசறியான்னு தெரியல. உங்கிட்ட கேக்க முடியுமா? ரெக்கார்டு ஆவுது."

"நான் போயிட்டா நைட்டெல்லாம் இன்னா ஆவும்னு கேட்டீங்களே, அது?"

"மூணு கம்பெனியிலயும் கேட்டேன். ஆளு போனா... நைட்டும் போயிடுமாம். அதுல மூணும் ஒண்ணுதான்."

ரூத் நோட்டை நீட்டினாள். அவர் தயங்கி வாங்கி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காலிக் கட்டத்தில் எழுதினார். ரூத் எட்டிப் பார்த்தாள். 'ஒன்பதாம் நாள். ஆள் வந்தது. நல்லாத் திட்டியது.'

"அங்க எழுதாதீங்க" என்றாள் பொன்னி. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கம்பெனி என்னை அனுப்பல. உங்க பேருல 'பதில் இல்லை'ன்னு போட்டு மூடச் சொல்லிட்டாங்க. ஃபைல்லருந்து அட்ரஸ எடுத்தது தெரிஞ்சா எனக்கு வேலையும் போயிடும். அலைமகள் வரல சார். நான்தான் வந்தேன்."

ஜானகிராமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கட்டத்தின் உச்சிக்குப் போய் 'அலைமகள்' என்ற எழுத்தின்மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

"உன் நெஜப் பேரு... இன்னாம்மா?"

"பொன்னி."

எழுதினார். எழுதிவிட்டு, "சாப்டியா பொன்னி?" என்றார்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் சப்ளையரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

அவர்கள் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தபோது மணி நாலு. ஆட்டோ கல்பட்டறைகளைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஏறியது. பின்சீட்டில் ரூத் மட்டும். போனை எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது வாழ்த்து வந்திருந்தது, பைக் கடையிலிருந்து. அவளிடம் பைக்கே கிடையாது.

"கலை" என்றாள். "நான் ஒரு ஒன்பது நாள் ஆபீசுக்கு வரவில்லை என்றால் நீ என்ன செய்வாய்?"

"ஒன்பது நாளா?" அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "பத்து மணிக்கு நீ வரலன்னா, பத்தே காலுக்கு உன் வூட்டுப் பூட்ட ஒடச்சுகினு இருப்பேன். அந்தப் பூட்டு வேற நல்ல பூட்டு. பேஜாரா பூடும்க்கா."

ரூத் பைக்குள் கையை விட்டுச் சாவி வளையத்தைத் தேடினாள். இரண்டில் ஒன்றைக் கழற்றுவதற்குள் நகம் உடைந்துவிட்டது. முன்சீட்டுப் பக்கம் குனிந்து, அவன் சட்டைப் பையில் அதைப் போட்டாள்.

"உடைக்காதே" என்றாள்.